போலீஸ் மெமோ இல்லாமல் அண்ணனைச் சேர்க்க முடியாதா?

கேள்வி: மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்த என் அண்ணன், சில மாதங்களாக அதை நிறுத்திவிட்டார். இரவெல்லாம் சத்தம், அம்மாவை அடிக்கக் கை ஓங்குகிறார். ஸ்டேஷனில் "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் "போலீஸ் மெமோ வேணும்" என்கிறார்கள். மெமோ வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். வீட்டார் அழைத்து வரும் நோயாளியைச் சேர்க்க மெமோவும் (ஸ்டேஷன் எழுதித் தரும் கடிதம்) வேண்டாம், கோர்ட் உத்தரவும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆவது பிரிவுப்படி, அவர் வேறு யாரையும் பிரதிநிதியாக எழுதி வைக்காத வரை, உறவினரான நீங்களே விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்துச் சேர்க்கத்தான் வேண்டும் என்று சொன்னால், 30 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சரி, அப்புறம் ஏன் மெமோ கேட்கிறார்கள்? ராத்திரியில் மனநல டாக்டர் இல்லை, படுக்கை இல்லை, பிடித்து உட்கார வைக்க ஆள் இல்லை. மத்திய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்காத பணத்துக்கு ஈடாக, லத்தி வைத்திருப்பவரை நர்ஸ் வேலை பார்க்கச் சொல்கிறார்கள். அவருக்கும் அந்த வேலை தெரியாது, பாவம்.

போலீஸை அழைக்கவே கூடாதா என்றால், ஒரு நிலைமையில் அழைக்கத்தான் வேண்டும். அவரால் அவருக்கோ அம்மாவுக்கோ ஆபத்து என்றால், அதே சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. இது கைது இல்லை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "அடிச்சார்னு ஒரு புகார் எழுதிக் கொடுங்க, உடனே தூக்கிடறோம்" என்று ஆசை காட்டுவார்கள். எழுதாதீர்கள்! எஃப்.ஐ.ஆர். போட்டால் உங்கள் அண்ணன் நோயாளி இல்லை, குற்றவாளி. வாய்தாவுக்கு அலையப் போவது நீங்கள். "மனநோயாளி, ஆபத்து உள்ளது, பிரிவு 100இன்படி பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனையில் ஒப்படைக்கவும்" என்று மட்டும் எழுதுங்கள். அடி, கொலை மிரட்டல் என்ற சொற்களே வேண்டாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

ஆபத்து அந்த அளவுக்கு இல்லை, வண்டியில் ஏற மட்டும் மறுக்கிறார் என்றால் 108. உடல் நோய்க்கு வருவதுபோலவே மனநோய்க்கும் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது.

மெமோ புரோக்கரைவிட மோசமானவர், நான்கு தடியர்களுடன் வேன் அனுப்பி "ஹோமில்" விடுகிறேன் என்பவர். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு மாறும். 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி தடை. ஆனால் பதிவே இல்லாத இடத்துக்குள் போய் யார் பார்ப்பது?

இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம்.