வாசகர் கேள்வி: வடிகட்டியில் சேரும் பழுப்புத் துணுக்குகள்

கேள்வி: ஏரி வாய்க்கால் நீரைப் பண்ணைக்குட்டையில் தேக்கி, மாந்தோப்புக்குச் சொட்டுநீர் விடுகிறோம். வடிகட்டியில் கடுகினும் சிறிய பழுப்புத் துணுக்குகள் சேர்கின்றன. குழாயின் உள்ளே கொடிபோல் ஏதோ படர்ந்துள்ளது. கோடையில் குட்டை வறண்டு வெடித்த பிறகும், மழை பெய்ததும் மறுபடி வந்துவிட்டது. இது எந்த வகைப் பாசி?
– ஒரு வாசகர், பாரூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தாங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் இது பாசியன்று, பிரையோசோவா எனப்படும் விலங்கினத்தின் கூட்டம், பெரும்பாலும் அதில் பிளூமடெல்லா என்ற வகையாக இருக்கலாம். கொடியில் ஒரு துண்டை ஏரி நீரோடு வெள்ளைக் கிண்ணத்தில் இட்டு, ஆடாமல் சிறிது நேரம் வைத்துக் கைலென்சால் பாருங்கள். குழல்களின் நுனியிலிருந்து குதிரை லாட வடிவில் அமைந்த மெல்லிய உணர்கொம்புகள் விரியும். ஊசியால் தொட்டால் சட்டென்று உள்ளே மறையும். பாசி அப்படிச் செய்யாது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அந்தக் கொம்புகளால் வடித்து உண்பதே இதன் பிழைப்பு.

அந்தத் துணுக்குகள் ஸ்டேட்டோபிளாஸ்டுகள். விதைபோல் கெட்டியான உறைக்குள் உறங்கும் மொட்டுகள். கூட்டம் காய்ந்து மடிந்தாலும் இவை வறட்சியைத் தாங்கி, நீர் வந்ததும் முளைத்துப் புதிய கூட்டமாகின்றன. சில வகைகளுக்கு விளிம்பில் காற்றறைகள் உண்டு; அவை மிதந்து கரை சேரும், வாத்துகளின் இறகிலும் குடலிலும் ஏறி அடுத்த ஏரிக்கும் போகும்.

பிரையோசோவாவின் நன்னீர் வகைகள் உலகெங்கும் சேர்த்தே ஏறக்குறைய தொண்ணூறுதான். அவற்றில் ஹிஸ்லோப்பியா நாகபுரியில் கிடைத்தது. 1858இல் அதை விவரித்தவர் பம்பாயில் மருத்துவராயிருந்த கார்ட்டர். அவர் பெயரையே தாங்கும் லோஃபோபொடெல்லா கார்ட்டெரியும் இந்நாட்டு உயிரிதான். இந்திய நன்னீர் வகைகளைத் தொகுத்து விலங்கியலாளர் அன்னண்டேல் 1911இல் வெளியிட்ட நூல் இன்றும் பயன்படுகிறது.

வடிகட்டியின் கண்கள் துணுக்குகளை விடச் சிறியவை என்பதால், அவை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கூட்டம் வேரூன்றுவது மோட்டாருக்கும் வடிகட்டிக்கும் இடைப்பட்ட இருட்டுக் குழாயில்தான். எனவே வடிகட்டியை மட்டும் கழுவிப் பயனில்லை, அக்குழாயை வடித்துச் சில நாள் உலரவிட்டு, பின் கழுவி வெளியேற்ற வேண்டும். கழுவிய நீரை மீன் வளர்க்கும் குட்டையில் விடாதீர்கள். லோஃபோபொடெல்லாவை நசுக்கும்போது கசியும் நீர் மீன்களின் செவுளைப் பாதித்துக் கொல்லும் என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்துள்ளது.