பார்வையற்ற அண்ணனுக்கு கோல்ஃப் கோச்சாகப் போகிறேன்: எதுவரை உதவலாம்?

கேள்வி: என் அண்ணனுக்கு 41 வயது, பெங்களூருவில் வேலை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆபீஸ் நண்பர்கள் கோல்ஃபுக்கு அழைத்துப் போனதில் ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. அடுத்த மாதம் அவர்களுக்குள் ஒரு போட்டி, கூடப் போவது நான்தான். போன தடவை அவர் பின்னால் நின்று திசை சொன்னேன். "அப்படி நிற்கக் கூடாது, பெனால்டி" என்றார் கேடி (கோல்ஃப் பையைச் சுமந்து ஆட்டக்காரருக்கு உதவுபவர்). பங்கர் என்ற மணல் குழியில் கிளப் (பந்தடிக்கும் மட்டை) மணலில் பட்டதற்கு இன்னொருவர் அண்ணன் கணக்கில் 2 ஸ்ட்ரோக் (அடி எண்ணிக்கை) ஏற்றினார். உண்மையில் நான் என்னதான் செய்யலாம்? (காட்பாடி வாசகி)

பதில்: அந்த இருவரும் சொன்னது தப்பில்லை, ஆனால் அது பார்வை உள்ளவர்களுக்கான விதி. 2023 முதல் கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே 25ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களுக்கான சலுகைகள் அதில்தான் வருகின்றன. முன்பு இவை தனிக் கையேடாக இருந்தன. இப்போது எல்லாப் போட்டிக்கும் பொருந்தும், நண்பர்களுக்குள் ஆடுவதற்கும்தான்.

முதலில் ஒரு காகித வேலை. பார்வையற்றோர் கோல்ஃபில் பி1, பி2, பி3 என்று மூன்று பிரிவுகள். பி1 என்றால் ஏறக்குறைய முழு இருள். பி2 என்பது பார்வைத் திறன் 2/60 வரை (60 மீட்டரில் தெரிய வேண்டியது 2 மீட்டரில்தான் தெரியும்) அல்லது பார்வைப் புலம், அதாவது ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, 5 டிகிரிக்குக் கீழே. பி3 என்பது 6/60 வரை அல்லது புலம் 20 டிகிரிக்குக் கீழே. அண்ணனுக்கு இருக்கும் நோயில் நேரே பார்க்கும் எழுத்து ஓரளவு தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பது போல. அதனால் எழுத்துப் பலகைச் சோதனை மட்டும் போதாது. கண் டாக்டரிடம் பார்வைப் புலத்தை அளக்கும் ஃபீல்டு டெஸ்டும் எடுத்து, இரண்டும் உள்ள சான்றிதழை வாங்கி வையுங்கள்.

இனி உங்கள் வேலை. விதிப் புத்தகம் உங்களை 'துணையாள்' என்கிறது, ஆட்டக்காரர்கள் 'கோச்' என்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு துணையாள்தான். தனியாகக் கேடி இருந்தாலும் பரவாயில்லை, இருவரிடமும் அண்ணன் யோசனை கேட்கலாம். கால் வைக்கும் இடத்தைக் காட்டுவது, தோளைத் திருப்பி நேர்படுத்துவது, எந்தக் கிளப் என்று சொல்வது, எல்லாம் செய்யலாம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கோச் பந்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளப்பின் தலையைப் பிடித்துப் பந்துக்குப் பின்னால் சரியாக வைக்கிறார். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிளப்புக்கு ஏற்ப கால்களை நகர்த்துகிறார். "வலது கால் ரெண்டு விரல்கடை பின்னால்" என்கிறார் கோச். சரியானதும் கையை எடுத்து, எழுந்து நாலைந்து அடி தள்ளிப் போய், "விட்டுட்டேன்" என்கிறார். அதற்கு அப்புறம்தான் ஸ்விங், அதாவது கிளப்பை வீசி அடிப்பது. அந்த ஒரு வார்த்தை முக்கியம். அது வராமல் அண்ணன் கிளப்பைத் தூக்கினால் முதலில் அடிபடுவது உங்கள் முகவாய்தான். ஸ்விங் நடக்கும்போது அவரைத் தொடவோ உதவவோ கூடாது, அங்கே சலுகை கிடையாது.

பின்னால் நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகும்போது கேடி அவருக்குப் பின்னால் அதே கோட்டில் நின்றால் பெனால்டி. பார்வையற்றவரின் கோச்சுக்கோ கேடிக்கோ அந்தத் தடை இல்லை, அடிக்கும் நொடியில் உதவாமல் இருந்தால் சரி. ஆனால் திசைக்காக ஒரு குச்சியையோ இன்னொரு கிளப்பையோ தரையில் படுக்க வைக்காதீர்கள். பயிற்சித் திடலில் எல்லோரும் அப்படிச் செய்வதால் கை தானாகப் போகும். ஆட்டத்தில் அது பெனால்டி, எடுத்துவிட்டாலும் தீராது. உங்கள் தவறுக்கான பெனால்டி அண்ணன் கணக்கில்தான் ஏறும்.

பங்கர் பெனால்டியோ, மணலில் கிளப் எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. அண்ணன் அடிப்பதற்கு முன் பந்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ லேசாகத் தொட்டிருந்தால் பெனால்டி இல்லை. பின்னோக்கி ஓங்கும்போது உரசினாலும் இல்லை. மணல் இறுகியிருக்கிறதா என்று வேண்டுமென்றே குத்திப் பார்த்தாலோ, ஒத்திகை ஸ்விங்கில் மணலை வாரினாலோ அவருக்கும் 2 ஸ்ட்ரோக்தான்.

கிரீனில்தான் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) கோச்சின் திறமை தெரியும். அண்ணனின் கை உங்கள் முழங்கைக்கு மேலே இருக்கட்டும். நீங்கள் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். பந்திலிருந்து குழி வரை சேர்ந்து நடந்து அடிகளை எண்ணுங்கள். சரிவைப் பாதம் சொல்லிவிடும். ஏற்றமா, இடப்பக்கம் சாய்கிறதா என்று பல நேரம் நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கோட்டை மிதிக்காமல் கூட்டிப் போவது உங்கள் பொறுப்பு. அடிக்கும் முன் கொடிக் கம்பத்தைத் தட்டி ஓசை காட்டலாம். தனியாகக் கேடியும் இருந்தால், கிரீனில் அண்ணன் சொல்லாமல் அவர் பந்தை நீங்கள் எடுக்கக் கூடாது, கேடி எடுக்கலாம்.

பேச்சைப் பற்றி ஒரு சொந்தக் கதை. நான் முதன்முதலில் கோச்சாகப் போனபோது "கொஞ்சம் வலது, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது குழியில் அந்தப் பார்வையற்ற ஆட்டக்காரர் கிளப்பைக் கீழே வைத்துவிட்டு, "சார், உங்க கொஞ்சம் எத்தனை இஞ்ச்?" என்றார். அன்று முதல் விரல்கடை, சாண், அடி, கெஜம்தான். திசைக்குக் கடிகார முள்: "கொடி 11 மணிப் பக்கம், 120 கெஜம்." பந்து புதரில் விழுந்தால் புதரில் என்றே சொல்லுங்கள். "நல்ல ஷாட்" என்று பூசி மெழுகினால் அடுத்த ஷாட்டுக்கு அவர் எதைத் திருத்துவார்?

கூட ஆடுபவர்களிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். பக்கத்தில் வந்தால் பெயர் சொல்லிப் பேச வேண்டும். அவர் அடிக்கத் தயாரானதும் மூச்சு விடக் கூடாது. நமக்குப் பின்னால் சலசலப்பு வெறும் தொந்தரவு, அவருக்கு அது திசையையே குழப்பிவிடும். பதிலுக்கு நீங்கள் நேரம் காக்க வேண்டும். முறை வந்ததும் 40 வினாடிக்குள் அடிப்பது நல்லது என்கிறது விதி. நேர்படுத்துவதற்கே பாதி போய்விடும். அதனால் மற்றவர் ஆடும்போதே தூரம், கிளப் எல்லாம் பேசி முடித்துவிடுங்கள். தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடம்தான்.

அண்ணன் ஊருக்கு வரும்போது பயிற்சிக்கு கோல்ஃப் மைதானம் தேட வேண்டாம். பாலாற்றில் லாரிகள் விட்டுவைத்த மணல் இருக்கும் இடமாகப் பார்த்து, ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில், பந்தே இல்லாமல் மணலை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். கிளப் மணலில் இறங்கும் சத்தத்தை வைத்தே ஆழம் பழகிவிடும். கூடத்தில் தம்ளரைப் படுக்கவைத்து பட் (பந்தை உருட்டி விடும் மெல்லிய அடி) அடிக்கலாம். பந்து தம்ளரில் பட்டால் கிணீர் என்று கேட்கும்.

போன தடவை ஏறிய 2 ஸ்ட்ரோக்கை விடுங்கள், முடிந்த ஆட்டம். இந்தத் தடவை 25ஆம் விதிப் பக்கத்தை அச்செடுத்து கோல்ஃப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் டீயிலேயே (ஆட்டம் தொடங்கும் இடம்), யாரும் அடிப்பதற்கு முன், கேடியிடமும் ஸ்கோர் எழுதுபவரிடமும் காட்டிவிடுங்கள். நடுவில் காட்டினால் சண்டை மாதிரி ஆகிவிடும்.