ஒப்டிக்கல் வயரில் முழு ஒலியும் ஏன் வருவதில்லை?

கேள்வி: புளூரே பிளேயரை ஒப்டிக்கல் வயரால் ரிசீவருடன் இணைத்திருக்கிறேன். இறுவட்டின் உறையில் டொல்பி ட்ரூஎச்டி என்று அச்சிடப்பட்டிருந்தும், ரிசீவர் சாதாரண டொல்பி டிஜிற்றல் என்றே காட்டுகிறது. பிளேயர் பழுதாகிவிட்டதா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: பழுது எதுவுமில்லை, புதிய பிளேயர் வாங்கும்படி யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ட்ரூஎச்டி என்பது தரம் இழக்காமல் சுருக்கப்பட்ட ஒலி; அதை ஒப்டிக்கல் வழி கொண்டுசெல்லாது. விரித்து அனுப்பினாலும், சுருக்கப்படாத ஒலி அவ்வழியில் இரண்டு சனல்களுக்கு மேல் செல்லாது என்பதால், 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஆறு சனல்கள்) வேண்டும்போது பிளேயர் அந்த இறுவட்டிலேயே உள்ள, தரம் இழந்து சுருக்கப்பட்ட டொல்பி டிஜிற்றல் வடிவத்தை அனுப்புகிறது. எச்டிஎம்ஐ இணைப்போ 2002இல் வெளிவந்த முதற் பதிப்பிலிருந்தே, 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் வரையான எட்டு சனல் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிற்றல்) ஒலியைக் கொண்டுசெல்லக்கூடியது. ஆகவே பிளேயரிலிருந்து ரிசீவருக்கும், அங்கிருந்து தொலைக்காட்சிக்கும் எச்டிஎம்ஐ வயரையே பயன்படுத்துங்கள்.

ட்ரூஎச்டியை விரிக்காமல் அப்படியே அனுப்புவதற்கு 2006இல் வந்த 1.3 பதிப்பு தேவை. உங்கள் ரிசீவர் அதற்கு முந்தியதாயின், பிளேயரின் ஒலி அமைப்பில் பிட்ஸ்ட்ரீமுக்குப் (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்பும் முறை) பதிலாகப் பிசிஎம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பிளேயரே ஒலியை விரித்து அனுப்பும், தரத்தில் எவ்வித இழப்பும் ஏற்படாது. பழைய ரிசீவர்கள் சில எச்டிஎம்ஐயில் படத்தை மட்டுமே கடத்துபவை என்பதால், கைநூலை முதலில் பார்ப்பது நல்லது. அத்தகையதாயின், இரு கருவிகளிலும் 5.1 அனலொக் துளைகள் இருந்தால் ஆறு வயர்களால் இணைத்து, ஸ்பீக்கர்களின் அளவையும் தூரத்தையும் பிளேயரிலேயே பதிவுசெய்யுங்கள்.