பன்னீர் திராட்சையின் மணம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தீபாவளிக்கு வாங்கும் பழங்களைப் பற்றிய ஒரு பதிலில், சைன் மஸ்கட் என்னும் பச்சைத் திராட்சையும் தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, இம்முறை இப்பகுதி முழுவதையும் மஸ்கட் திராட்சைக்கும் அதிலிருந்து உருவாகும் ஒயின்களுக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக்குச் சென்றபோது, கம்பத்துக்கு அருகில் சாலையோரம் விற்ற கறுப்புத் திராட்சையை வாங்கித் தின்றோம். வாயில் போட்டதும் பன்னீர் தெளித்தாற்போல் மணந்தது. நம் மலேசியாவின் இரவுச் சந்தையில் வாங்கும் சைன் மஸ்கட்டிலும் அதே மணம் லேசாக வருகிறது. ஒன்று கறுப்பு, மற்றது பச்சை. ஒன்றில் விதை உண்டு, மற்றதில் இல்லை. இவை எப்படி ஒரே குடும்பமாகும்? மணத்துக்காக எதையாவது தெளிக்கிறார்களா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: எதையும் தெளிப்பதில்லை, அம்மா. மஸ்கட் என்பது ஒரே ஒரு திராட்சை அன்று. அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தின் மூத்தது, பிரான்சில் 'மஸ்கட் பிளாங்க் ஆ பெட்டி கிராங்' என்று அழைக்கப்படும் சிறுமணி வெள்ளை மஸ்கட். அதற்கும் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியின் ஒரு பழைய திராட்சைக்கும் பிறந்தது 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா'. இந்த அலெக்சாண்டிரியாவுக்கும் ஐரோப்பாவின் 'ஸ்கியாவா குரோஸா' என்னும் பெருமணிக் கறுப்புத் திராட்சைக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் தோட்டமொன்றில் பிறந்ததுதான் 'மஸ்கட் ஹாம்பர்க்'. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் அதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயரிட்டார்கள். 2023ஆம் ஆண்டில் அது 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயரிலேயே புவிசார் குறியீடும் பெற்றது. சைன் மஸ்கட் ஜப்பானில் உருவாக்கப்பட்டு 2006இல் பதிவு செய்யப்பட்டது. அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவின் பிள்ளை. ஆகவே உறவுமுறையில் சொல்வதானால், நீங்கள் கம்பத்தில் தின்ற பழம் நம் சந்தைப் பழத்துக்குப் பெரியம்மா முறை. நிறம் ஸ்கியாவா குரோஸா வழியாக வந்தது. விதையின்மை பிறவிக் குணம் அன்று. பூக்கும் பருவத்தில் கொத்துகளை ஜிப்பெரெல்லின் என்னும் வளர்ச்சி ஊக்கியில் நனைப்பதால் விதை உருவாகாமல் போகிறது.

இனி மணத்துக்கு வருகிறேன். என்னை ஈர்த்ததும் அதுதான். மஸ்கட் திராட்சையில் டெர்பீன் வகையைச் சேர்ந்த நறுமணப் பொருள்கள் இருக்கின்றன: லினலூல், ஜெரானியோல், நெரோல், சிட்ரோனெல்லோல். ஒரு லிட்டர் சாற்றில் இவையெல்லாம் சேர்ந்தும் சில மில்லிகிராம்தான் இருக்கும் என்றாலும், மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. இவற்றில் ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் ரோஜா எண்ணெயின் முதன்மையான பொருள்கள். பன்னீர் என்பது ரோஜா இதழ்களை வடித்தெடுத்த நீர் அல்லவா? எந்த ஆய்வுக்கூடத்தின் துணையும் இல்லாமல், மூக்கை மட்டும் நம்பி இந்தப் பழத்துக்குப் 'பன்னீர்' என்று பெயர் வைத்தவர்கள், ரோஜாவில் இருக்கும் அதே பொருளைத்தான் திராட்சையிலும் முகர்ந்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் கொசுவை விரட்ட நடும் செராய் வாங்கி என்னும் வாசனைப் புல்லின் எண்ணெயிலும் இவ்விரண்டும் உண்டு. லினலூல் நம் அஞ்சறைப் பெட்டியின் கொத்தமல்லி விதையிலேயே மிகுதியாக இருக்கிறது.

அடுத்த முறை திராட்சை வாங்கும்போது ஒரு மணியின் தோலை மட்டும் உரித்து, விரல்களுக்கிடையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். பிறகு சதையைத் தனியாக முகருங்கள். நான் சென்ற வாரம் இதைச் செய்தபோது, தோலின் மணம் விரலை விட்டுப் போக நெடுநேரமானது. நடுச்சதையில் இனிப்பைத் தவிர அதிகம் இல்லை. டெர்பீன்கள் தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் செறிந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பெரும் பங்கு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, மணமே இல்லாத நிலையில் உறங்கிக்கொண்டிருக்கும். மெல்லும்போதும் நொதிக்கும்போதும் அந்தப் பிணைப்பு சிறுகச் சிறுக அறுபட்டு மணம் வெளிப்படுகிறது.

கேள்வி: மஸ்கட் திராட்சை ஓமான் நாட்டின் மஸ்கட் நகரிலிருந்து வந்ததா? (மாணவர், கோலகங்சார்)

பதில்: பெயர் ஒத்திருக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சான்று எதுவும் இல்லை, தம்பி. கஸ்தூரியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 'கஸ்தூரி மணமுள்ள திராட்சை' என்று பொருள் கொள்ளலாம். இத்தாலியில் மொஸ்காட்டோ, ஸ்பெயினில் மொஸ்கட்டெல். ஆனால் பிரான்சின் மஸ்கடே, அமெரிக்காவின் மஸ்கடைன் ஆகியவை பெயரளவில் நெருங்கி வந்தாலும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் என் மகன் இரண்டு போத்தல்கள் கொண்டு வந்தான். ஒன்று வெளிர்மஞ்சள் நிறம், நுரைக்கிறது, 5.5 விழுக்காடு மது என்று போட்டிருக்கிறது. மற்றது காப்பித் தண்ணீர் போல் கறுத்து, பாகு போல் கெட்டியாக, 17.5 விழுக்காடு என்று இருக்கிறது. இரண்டும் மஸ்கட் என்கிறான். ஒரே பழத்தில் இவ்வளவு வேறுபாடு எப்படி? (ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, தாப்பா)

பதில்: ஐயா, தோட்டத்தில் வாழ்ந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்திலிருந்து இறக்கிய கள் காலையில் இனித்திருக்கும், வெயில் ஏற ஏற இனிப்புக் குறைந்து மது ஏறும், மாலைக்குள் புளித்துவிடும். கலயத்தில் இருக்கும் ஈஸ்டு இனிப்பைத் தின்று அதை மதுவாகவும் கரிவளியாகவும் மாற்றுவதே இனிப்புக் குறைந்து மது ஏறுவதற்குக் காரணம். அந்த ஓட்டத்தைத் தோட்டத்துக் கள்ளில் யாரும் நிறுத்துவதில்லை. திராட்சை ஒயினில் நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில், எதைக் கொண்டு நிறுத்துகிறார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டு போத்தல்களின் வேறுபாடு அடங்கியிருக்கிறது.

முதல் போத்தல் இத்தாலியின் பியமாண்ட் பகுதியைச் சேர்ந்த மொஸ்காட்டோ தாஸ்தியாகவோ அதன் வழியில் ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். சிறுமணி வெள்ளை மஸ்கட்டைப் பிழிந்த சாற்றை உறையும் நிலைக்கு அருகில் குளிரவைத்துப் பாதுகாத்து, தேவையான போது மூடிய எஃகுத் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். மது ஐந்து, ஐந்தரை விழுக்காட்டை எட்டியதும் தொட்டியைக் கடுமையாகக் குளிர்வித்து, மயங்கிக் கிடக்கும் ஈஸ்டை வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். சர்க்கரையில் பாதிக்கு மேல் தின்னப்படாமலேயே எஞ்சுகிறது. லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல் இருக்கும். வெளியேற வழியில்லாத கரிவளிதான் அந்த நுரை. அங்கே இது சாப்பாட்டுக்குப் பின் பழத்தோடும் பலகாரத்தோடும் சிறு கோப்பையில் அருந்தப்படுவது.

இரண்டாவது போத்தல், மகன் மெல்பர்னிலிருந்து வந்தவர் என்பதால், விக்டோரியா மாநிலத்தின் ரதர்கிளன் வட்டாரத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். மெல்பர்னுக்கு வடகிழக்கே, மரே ஆற்றை ஒட்டிய, கோடையில் நன்கு காயும் பகுதி அது. அங்கே அதே சிறுமணி மஸ்கட்டின் செம்பழுப்பு நிறத் திரிபைக் கொடியிலேயே சுருங்கி வற்றலாகும் வரை விட்டுவைக்கிறார்கள். பாகாகிவிட்ட சாறு நொதிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள்; மது திடீரென்று 17, 18 விழுக்காட்டுக்கு ஏறிவிட, ஈஸ்டு மடிகிறது, இனிப்பு அப்படியே நிற்கிறது. பிறகு அதைப் பழைய மரப் பீப்பாய்களில், தகரக் கூரையிட்ட வெப்பமான கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் வைத்து, இளையதையும் முதியதையும் கலந்துகொண்டே போகிறார்கள். ரதர்கிளன், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு தரங்கள் உண்டு. ரேர் என்ற தரத்துக்குச் சராசரி வயது 20 ஆண்டுக்குக் குறையக் கூடாது. அதில் பன்னீர் மணம் பின்னுக்குப் போய், உலர் திராட்சையும் காய்ச்சிய வெல்லப் பாகும் முன்னுக்கு வந்துவிடுகின்றன. பிரான்சின் போம் த வெனீஸ் ஊரிலும் நொதிப்பின் இடையில் சாராயம் சேர்க்கும் இதே முறைதான் என்றாலும், நீண்ட காலம் பீப்பாயில் முதிர வைக்காததால் மலர் மணம் அதில் நிலைத்து நிற்கிறது. இனிப்பே இல்லாமல் முற்ற நொதிக்க விட்ட மஸ்கட்டும் உண்டு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்யப்படும் அது, மணத்தில் தேனையும் ருசியில் பச்சைத் திராட்சைத் தோலையும் நினைவூட்டும்.

ஒயின் திராட்சைகளில் பெரும்பாலானவற்றின் சாற்றுக்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. நொதிப்பிலும் பீப்பாயிலும்தான் அவை மணம் பெறுகின்றன. கொடியில் இருந்த பழத்தின் மணத்தை அப்படியே போத்தல் வரை கொண்டுவரும் மிகச் சில திராட்சைகளில் மஸ்கட்டே முதன்மையானது என்பதால்தான் அதன்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

ஒரு வேண்டுகோள்: முதல் போத்தலைச் சேமித்து வைக்காதீர்கள். லினலூல் நாளடைவில் மணம் மங்கிய வேறு பொருள்களாக மாறிவிடும். நம் ஊர் வெப்பத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும். எனக்கு அன்பளிப்பாக வந்த ஒரு மொஸ்காட்டோவை விருந்தினருக்கென்று கண்ணாடி அலமாரியில் இரண்டு தீபாவளி வரை வைத்திருந்து திறந்தபோது, ரோஜா மணம் இருந்த இடத்தில் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள். கறுப்புப் போத்தலுக்கு அவசரம் இல்லை. 5.5 விழுக்காடுதானே என்று இனிப்புப் பானம்போல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பர் முதல் நம் நாட்டின் விதி. கள்ளும் சம்சு என்னும் மலிவுச் சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன பாடுபடுத்தின என்பதை லயத்தில் வளர்ந்த நாம் கண்ணால் கண்டவர்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு என் மாமியார் கறுப்புத் திராட்சையைச் சீனி, கோதுமை, கிராம்பு, பட்டை சேர்த்து வேகவைத்து ஒயின் செய்வார். ஒரு முறை உறவினர் கொண்டுவந்த பன்னீர் திராட்சையில் செய்தும் அந்த மணம் கொஞ்சமும் வரவில்லை. ஏன்? (வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: வேகவைத்ததுதான் காரணம், சகோதரி. டெர்பீன்கள் ஆவியாகிப் போகக் கூடியவை. திராட்சை கொதிக்கும்போது வீடெல்லாம் மணந்திருக்குமே, அந்த மணம் பானையை விட்டு வெளியேறிய மணம். மிஞ்சியிருந்ததையும் கிராம்பும் பட்டையும் மூடிவிட்டன. மஸ்கட் ஒயின் செய்பவர்கள் பழத்தைக் குளிர்ச்சியாக வைத்துப் பிழிவதும், சிலர் நசுக்கிய தோலைச் சாற்றோடு சில மணி நேரம் குளிரில் ஊறவிடுவதும் இதனால்தான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம் கலால் சட்டப்படி குற்றம் என்பதால் செய்முறை எதையும் இங்கே தர மாட்டேன். பன்னீர் திராட்சை கிடைத்தால், தோலோடு நசுக்கி, கொதிக்கவைக்காமல் பிழிந்து, குளிரவைத்து அன்றே சாறாக அருந்துங்கள். மாமியார் தேடிய மணம் அதில் முழுமையாக இருக்கும்.

கேள்வி: பன்னீர் திராட்சைக் கொடியைச் சுங்கை சிப்புட்டில் நட்டால் காய்க்குமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: கொடி வளரும், காய்ப்பும் வரலாம், ஆனால் கம்பத்துக் கொத்தை எதிர்பார்க்க வேண்டாம். கம்பம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. வானம் மழையைக் குறைத்துத் தருகிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் வேருக்குத் தேவையானதைத் தருகிறது. கல் தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் கொடியைப் படரவிட்டு, கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்படி அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். குளிர்கால உறக்கம் இல்லாத வெப்ப நாட்டில் கொடியைக் காய்க்கத் தூண்டுவது அந்தக் கவாத்துக் கத்திதான். நமக்கோ பிற்பகல் மழை. இலையில் அடிச்சாம்பல் நோய் வரும், பழுக்கும் வேளையில் நீர் ஏறி மெல்லிய தோல் வெடிக்கும். ஆசையாக இருந்தால், மழை படாதபடி தெளிந்த பிளாஸ்டிக் கூரைக்கடியில் பெரிய தொட்டியில் ஒரு கொடியை வைத்து, காய்ப்பு முடிந்ததும் துணிந்து வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் மதுவைத் தொடுவதில்லை. டார்ஜிலிங் தேயிலைப் பெட்டி ஒன்றில் 'மஸ்கட்டெல் மணம்' என்று இருந்தது. அதில் ஒயின் கலந்திருக்கிறதா? (வாசகி, பீடோர்)

பதில்: இல்லை, அம்மா, அச்சமின்றி அருந்தலாம். அதில் திராட்சையும் இல்லை. டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவக் கொழுந்தைப் பச்சைத் தத்துப்பூச்சிகள் கடித்துச் சாறு உறிஞ்சுகின்றன. கடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் டெர்பீன்களை மிகுதியாகச் சுரக்கிறது. லினலூலும் அதன் வழிப் பொருள்களும் அவற்றுள் அடங்கும். அந்தக் கொழுந்தை வாட்டிப் பதப்படுத்தும்போது மஸ்கட் திராட்சையை நினைவூட்டும் மணம் எழுவதால் அப்பெயர் வந்தது. பாலும் சீனியும் சேர்க்காமல், மூடிய குவளையில் மூன்று நிமிடம் ஊறவிட்டு, மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள்.