பழைய ஃபேமிகாமை இயக்கலாமா?

கேள்வி: பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஜப்பானிய வீடியோ கேம் கருவியான ஃபேமிகாம் ஒன்றை, விளையாட்டுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ்களோடு வாங்கினேன். உடனே விளையாடலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சற்றுப் பொறுங்கள். 1983இல் வெளிவந்த அக்கருவியின் அசல் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது என்பதால், நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இணைக்க வேண்டும். முதல் வடிவம் ஆன்டெனா வழியாக, ஜப்பானிய அலைவரிசையில் மட்டுமே படத்தை அனுப்பும்; ஆகவே, நம் தொலைக்காட்சிக்கு ஏற்ப ஏவி (படத்தையும் ஒலியையும் கம்பி வழியே நேராகத் தரும்) இணைப்பு பொருத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

கார்ட்ரிட்ஜ் இயங்காவிட்டால், சிறுவயதில் நாம் எல்லோரும் செய்ததுபோல் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோக முனைகளை அரித்துவிடும். பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பஞ்சு கறுக்காமல் வரும்வரை 60 முனைகளையும் துடையுங்கள்.