நெளிந்த இசைத்தட்டுகளுக்கு என் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். சென்னையில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒரு கடையில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன், மாதம் 18,000 ரூபாய் சம்பளம். கோடையில் ஏசி பழுதாகி, ஸ்டோர் ரூமில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்த எல்பி தட்டுகள் சூட்டில் நெளிந்துவிட்டன. ஏசி ஓடவில்லை என்று முதலாளிக்கு முன்பே வாட்ஸ்அப்பில் சொன்னேன், "பார்க்கலாம்" என்று பதில் போட்டார். இப்போது நஷ்டம் 1,10,000 ரூபாய் என்று சொல்லிக் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைத் தரவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பிளஸ் டூ, டிகிரி சான்றிதழ்களின் ஒரிஜினலும், சேரும்போது என்னிடம் கையெழுத்துப் போட வைத்து வாங்கிய ஒரு வெற்றுச் செக்கும் அவரிடமே இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, சம்பளம் வராது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தச் செக்தான் எனக்குக் கவலை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொகையும் தேதியும் எழுதாத செக் செல்லாது என்று நம் பக்கத்தில் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அது தப்பு. பிர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: விருப்பப்பட்டு வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்காக இருந்தாலும், கொடுக்க வேண்டிய பணத்துக்காகத்தான் கொடுத்தார் என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. ஆகவே நாளைக்கே உங்கள் பேங்குக்குப் போய், இந்த நம்பர் செக்கை வேலைக்குச் சேரும்போது உத்தரவாதமாக வாங்கினார்கள், அவர்களுக்கு நான் எந்தக் கடனும் தர வேண்டியதில்லை, பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை நிறுத்தி வைத்துவிட்டால் செக் மோசடி வழக்கே வராது என்று சிலர் சொல்வார்கள், அதையும் நம்பாதீர்கள், வழக்கு வரலாம். ஆனால் பிரச்சினை முற்றுவதற்கு முன்பே உங்கள் நிலையை எழுத்தில் சொல்லியிருந்தீர்கள் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

செக் திரும்பிவிட்டால் அவர் 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து பணம் கொடுக்க 15 நாள் அவகாசம், அந்த 15 நாளுக்குள் ஒரு வக்கீல் மூலம் பதில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். வீட்டில் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், பயந்துபோய்த் தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வழக்கும் அவருடைய பேங்க் கிளை இருக்கும் சென்னையில்தான் நடக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறிப் போக வேண்டியிருக்கும். இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். இதில் உங்கள் பக்கம் நல்ல பலமாக இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் முழுவதையும் தந்துவிட வேண்டும். சரக்கு சேதமானதற்காகப் பிடித்தம் செய்யலாம்தான், ஆனால் அந்தச் சரக்கு உங்கள் பாதுகாப்பில் என்று குறிப்பாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும், சேதத்துக்கு நேரடிக் காரணம் உங்கள் கவனக்குறைவாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். நஷ்டத்தைவிட ஒரு ரூபாய் கூடுதலாகவும் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் முடியாது. இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே அமுக்கி வைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

வினைல் தட்டு என்பது பிளாஸ்டிக். சூட்டில் இளகும், அதிலும் படுக்க வைத்து மேலே கனம் ஏற்றினால் கட்டாயம் நெளியும், அதனால்தான் புத்தகம்போல நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அலமாரி வாங்கிப் போடுவதும் ஏசியைச் சரிசெய்வதும் கடைக்காரர் வேலை. பழுதைப் பற்றி நீங்கள் முன்பே எழுதியிருக்கிறீர்கள், அவர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார், அப்படியிருக்க கவனக்குறைவு யாருடையது? 1,10,000 என்ற கணக்கையும் கேளுங்கள். அது ஸ்டிக்கரில் போட்ட விற்பனை விலையா, அவர் வாங்கிய விலையா? பழைய வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக மொத்த விலை பேசி எடுத்து வரும் தட்டுகளுக்கு, உறையும் தட்டும் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரித்து விலை போடுவார்கள் என்பது அங்கே நின்றவருக்குத் தெரியாததா? கிடைக்காமல் போன லாபத்தை உங்கள் சம்பளத்தில் எடுக்க முடியாது. எந்தெந்தத் தட்டு, என்ன தரம், கொள்முதல் ரசீது எங்கே என்று எழுத்தில் கேட்டாலே பாதித் தொகை காணாமல் போய்விடும் என்பது என் கணிப்பு.

அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் முக்கிய சாட்சி. ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், அந்த போனை விற்கவும் வேண்டாம் மாற்றவும் வேண்டாம். சம்பளம் வரவு வைத்த பேங்க் ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள்.

சான்றிதழ்கள் விஷயம் சுருக்கமாக. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் கிடையாது, பணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் மீதான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கடைக்காரருக்கும் அதே நியாயம்தான். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: காணாமல் போய்விட்டது என்று போலீஸில் புகார் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்கும் வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய்ப் புகார் உங்கள் மீதே திரும்பும், இவ்வளவு நல்ல வழக்கும் அதோடு கெட்டுவிடும்.

அப்புறம், முதலில் ஒரு வக்கீல் நோட்டீஸ்: சம்பளம், சான்றிதழ், செக் மூன்றையும் திருப்பித் தரச் சொல்லி 15 நாள் கெடு வைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சென்னையில் அந்தக் கடை இருக்கும் பகுதிக்கான தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு. வேலை பார்த்த இடம் அங்கே என்பதால் நாகர்கோவில் அலுவலகத்தில் கொடுத்தால் அலைச்சல்தான் மிஞ்சும். மனுவுக்கு மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, நீங்கள் இல்லை. பாக்கியோடு அதைப்போல பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிடவும் அந்த அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது, நோட்டீஸில் இந்த ஒரு வரியை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

வக்கீல் செலவுக்குக் கையில் பணம் இல்லை என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் வருமானத்துக்கு இலவச வக்கீல் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பேங்குக்குக் கொடுக்கும் கடிதத்துக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், அதை நீங்களே வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம்.