மக்கு என்று ஆகிப்போன பேரறிஞர்

வணக்கம்.

ஆங்கிலத்தில் மக்கு என்ற பொருளில் 'டன்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது ஒரு தத்துவஞானியின் பெயர் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அவர் அவ்வளவு மோசமான சிந்தனையாளரா? மக்குப் பிள்ளைகளுக்கு மாட்டுகிற கூம்புத் தொப்பியும் அவர் உபயம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர் விஷயத்தில் நண்பர் சொன்னது சரி. ஆள்தான் நேரெதிர்.

ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த துறவி. டன்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் அவருடைய ஊர். ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் பாடம் சொன்னவர், 1308இல் கொலோன் நகரில் இறந்தார். 'நுட்பமான ஆசான்' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். அது சும்மா வந்ததல்ல. நிறம், உயரம், குணம் எல்லாம் அச்சாக ஒன்றாக இருக்கும் இரண்டு குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இது இதுதான், அது அதுதான். இந்த வேறுபாட்டுக்கு உருவத்தையோ பருப்பொருளையோ காரணம் காட்ட முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் 'இதுத்தன்மை' உண்டு என்றார் அவர். மக்குக்குத் தோன்றுகிற யோசனையா இது?

வினை சீடர்களால் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் கிரேக்கம், செம்மையான லத்தீன் என்று புதிய படிப்பு கிளம்பியபோது, 'டன்ஸ்மேன்' எனப்பட்ட இவர்கள் பழைய பாடத்தை விடாமல் மல்லுக்கு நின்றார்கள். எதிராளிகள் அந்தப் பெயரையே வசவாக்கினார்கள். முதலில் வீண் நுணுக்கம் பேசி வாதாடுகிறவன் டன்ஸ். அப்புறம் ஏட்டைப் படித்தும் புத்தி வராதவன். கடைசியில் வெறும் மக்கு. நம் 'நாற்றம்' போலத் தானாக இறங்கிய சொல் அல்ல இது, பிடித்துத் தள்ளிய சொல்.

எப்படித் தள்ளினார்கள் என்பதற்கு ஒரு கடிதமே இருக்கிறது. 1535இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் ஆக்ஸ்போர்டில் பாடத்திட்டத்தை மாற்றப் போனார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேட்டன், மன்னரின் முதன்மை அமைச்சரான தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதுகிறார்: நியூ காலேஜ் முற்றம் முழுக்க டன்ஸின் கிழிந்த ஏடுகள், காற்று அவற்றை மூலைக்கு மூலை அடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக் கனவான் ஒருவர் அந்தத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். படிக்க அல்ல. வேட்டையின்போது மான்கள் காட்டைவிட்டு வெளியே ஓடாமல் மிரட்டக் கட்டித் தொங்கவிட! லேட்டன் இதை எழுதும்போது சிரித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொப்பியா? கூம்புத் தொப்பி அறிவைப் புனல்போலத் தலைக்குள் இறக்கும் என்று டன்ஸே சொன்னதாக ஒரு கதை சுற்றுகிறது. நான் நம்பவில்லை.